மனுக்காரர் சிலுவை

தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே இருக்கிற அந்தக் கடற்கரை ஊரின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் ஊர்க் கமிட்டி நமக்கும் ஒரு விலக்குப் போட்டுவிடும், பிறகு நாமும் சிலுவையிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். சிலுவைக்கு வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பகல் காவல். அது சோற்றுக்கு. ஊரில் அவருடைய மதிப்பு வேறொரு தொழிலால் வந்தது. ஊர்விலக்கு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு அவர் மன்னிப்பு மனு எழுதிக் கொடுப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் எழுதிய ஒரு மனுவும் தள்ளுபடி ஆனதில்லை.

ஊர்விலக்கு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். விலக்கப்பட்டவன் பிடித்துவந்த மீனைக் கரையில் யாரும் ஏலம் கூவமாட்டார்கள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு குஞ்சும் போகாது. செத்தால் பெட்டி தூக்க நாலு பேரை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும். சாட்சி, விசாரணை எல்லாம் கோர்ட்டில் கேட்கிற சமாச்சாரம். இங்கே விலக்கு விழுந்துவிட்டது என்பதே சாட்சி. குற்றம் செய்யாதவனுக்கு எதற்கு விலக்கு விழுகிறது என்று கமிட்டிக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள், அதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

சிலுவையின் அப்பா அப்படி ஒரு விலக்கில் பதினாலு மாதம் கிடந்தவர். ஏலத்துக்குத் தெரியாமல் வெளி வியாபாரிக்கு மீன் கொடுத்தார் என்று புகார். கொடுக்கவில்லை என்றார். கமிட்டி கூடும்போதெல்லாம் போய் நின்று அதையே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கோபம் கூடியது, அப்படியானால் பொய் சொல்கிறவர்கள் நாங்களா என்றார்கள். வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் முழங்கால் போட்டு, கொடுத்தது உண்மைதான், மன்னிக்க வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே விலக்கை எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுச் சிலுவை பக்கத்தில் நின்று பார்த்தான். பதினாலு மாதம் பேசிய நியாயத்தால் ஆகாதது ஒரு நிமிஷ முழங்காலில் ஆகிவிட்டதே என்று அவனுக்கு அதிசயமாக இருந்தது. அப்பாவுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் என்ன ஆனது என்று அவன் கவனிக்கவில்லை.

தொழிலின் நெளிவுசுளிவெல்லாம் பிறகு தானே கண்டுபிடித்தது. குற்றத்தை முழுசாக ஒத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் ஒரு படி கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு வலையைத் திருடினான் என்று கமிட்டி சொன்னால் சிலுவை இரண்டு வலை என்று எழுதுவார். நமக்கே தெரியாததை அவனாகச் சொல்கிறானே என்று கமிட்டிக்காரர்கள் பதினொரு பேரும் உருகிப்போவார்கள். அப்புறம் கெட்ட சகவாசம். தானாகக் கெட்டவன் மேல் யாருக்கும் இரக்கம் வராது, இன்னார் கெடுத்தார் என்றால்தான் வரும். அந்த இன்னாரைப் பெயரோடு எழுத வேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். அப்படிப் பெயர் எழுதப்பட்டவர்களுக்கும் விலக்கு விழும், மறுவாரம் அவர்கள் சிலுவை வீட்டு வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கும் ஒரு மனு எழுதுவார். இப்படி அவருடைய மனு குட்டி போட்டுக்கொண்டே இருந்தது, அவரும் ஓய்ந்ததில்லை.

தங்கபாய் என்ற விதவையின் கதையை அவர் பெருமையோடு சொல்வார். குருசடி என்கிற சின்னக் கோயிலின் உண்டியலை உடைத்தாள் என்று அவளை விலக்கியிருந்தார்கள். அவள் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்லப் போனாள். "எழுதுறது நான், கைநாட்டு வைக்கது நீ. இடையில பேச்சு எதுக்கு?" என்று அடக்கிவிட்டார். உண்டியலோடு மாதாவின் வெள்ளிக் கிரீடத்தையும் எடுக்க நினைத்தேன், கை நடுங்கி விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்தார். கமிட்டித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். விலக்கு நீங்கியது. அதற்குப் பிறகு அவளை ஊரில் எல்லோரும் உண்டியல் தங்கபாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உண்டியல் வீட்டுப் பிள்ளைகள் என்கிறார்கள். இதைச் சிலுவையிடம் யாராவது சொன்னால், "ஊருக்குள்ள இரிக்காளா இல்லியா?" என்று கேட்பார்.

இப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் ஜாஸ்பின். இருபத்திரண்டு வயது, பி.காம் முடித்திருந்தாள். இரண்டு முறை வங்கிப் பரீட்சை எழுதி இரண்டு முறையும் வாசல்வரை போய்த் திரும்பியவள். ஆனால் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதில் அவளை அடிக்க இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. பக்கத்து ஊர் லிஜா, கோட்டாறில் இருக்கிற ஜெமி, குலசேகரத்துப் பக்கம் ரெஜிலா என்று இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு நாலு பேர் அணியாக, அவர்கள் பாஷையில் ஸ்குவாடாக, ஆடினாள். ஸ்குவாடுக்குக் கடல்காக்கா என்று பெயர். இறால் கம்பெனிக்குத் தோடு உரிக்கப் போகிறேன் என்றால் ஒரு கேள்வியும் கேட்காத ஊர், பொம்பளைப்பிள்ளை போனில் சுடுகிறாள் என்றதும் ஆயிரம் கேள்வி கேட்டது. அவள் ஒரு நாளைக்கு ஏழு மணிநேரம் ஆடினாள்.

அதற்குப் பலனும் வந்தது. பெங்களூரில் ஒரு விளையாட்டு நிறுவனம் பெண்களின் ஸ்குவாட் ஒன்றைத் தேடியது. ஒரு வருட ஒப்பந்தம், தங்க இடம், மாதச் சம்பளம். இறுதித் தேர்வுக்கு வந்த ஆறு ஸ்குவாடில் கடல்காக்காவும் ஒன்று. பதினேழாம் தேதி நேரில் போய் ஆட வேண்டும். ஆளுக்கு ஆள் சொந்த ஐடியில், அதாவது சொந்த ஆட்டக் கணக்கில், ஆட வேண்டும், ஐடியில் ஒரு கறையும் இருக்கக்கூடாது. சிலுவைகூட ஐஸ் கம்பெனியில் லாரிக்காரர்களிடம், "எனக்க மவ பெங்களூரு போறா, கம்ப்யூட்டர்ல பெரிய வேல" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

எட்டாம் தேதி காலையில் ஜாஸ்பின் ஐடியைத் திறந்தாள், திறக்கவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு பலகை வந்து நின்றது. அனுமதியில்லாத மென்பொருளைப் பயன்படுத்தியதற்காகப் பத்து ஆண்டுகளுக்குத் தடை. என்ன மென்பொருள், எந்த ஆட்டத்தில், யார் பார்த்தது, ஒன்றும் கிடையாது. உதவி வேண்டுமா என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று வரும். மறுபடி அழுத்தினால் மறுபடியும் நன்றி. மண்சுவரிடம் பேசினால்கூட எதிரொலி வேறுமாதிரி வரும். கீழே சின்ன எழுத்தில், ஒரு ஐடிக்கு ஒரே ஒரு முறையீடுதான், அதன் முடிவே இறுதி என்று போட்டிருந்தது.

அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிலுவை பக்கத்தில் வந்து குந்தினார். மகள் தடை என்று சொன்னது அவர் காதில் விலக்கு என்று விழுந்ததும் அவருக்குள் இருந்த தொழில்காரர் எழுந்துவிட்டார்.

"கமிட்டியில எத்தன பேரு?"

"கமிட்டி ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துப் போடுகது."

"ஆளில்லாம விலக்குப் போட முடியாது மக்கா. எங்கயாவது ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு உண்டும்லா?"

"அப்பா, நீங்க இதுல தலையிடாண்டாம். ஒரே ஒரு தடவதான் எழுத முடியும். நான் ஆடினதுக்க வீடியோ எல்லாம் எடுத்துச் சேத்து, செய்யல்லன்னு நிரூபிச்சு அனுப்பணும். மூணு நாளாவும்."

செய்யல்லன்னு. சிலுவையின் அப்பா பதினாலு மாதம் சொன்ன சொல். பெற்ற மகள் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழப்போகிறாள் என்று அவர் உண்மையாகவே பயந்தார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் நாம் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

அடுத்த நாள் லிஜா லேப்டாப்போடு வந்தாள். இரண்டு பேரும் அறையில் உட்கார்ந்து வீடியோவை வெட்டி ஒட்டினார்கள். ஜாஸ்பின் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. கண் வீங்கிக் கிடந்தது. சிலுவை வாசலுக்கும் அறைக்குமாக நடந்து பார்த்தார், பொறுக்கவில்லை. ஜாஸ்பின் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்த ஐடியை அப்பாவின் போன் நம்பரில்தான் தொடங்கியிருந்தாள். தடை வந்த செய்தி அவர் போனுக்கும் வந்திருந்தது, முறையீடு எழுதுகிற வழியோடு. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்தார்.

ஜங்ஷனில் சத்தியராஜ் ஈ-சேவை மையம் வைத்திருந்தான். சாதிச் சான்றிதழ், பட்டா, பாஸ்போர்ட் என்று ஊருக்கே இங்கிலீஷ் அடித்துக் கொடுக்கிறவன். சிலுவை தன் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தார். முத்துமுத்தான எழுத்து. சத்தியராஜ் படித்தான்.

"மாண்புமிகு கம்பெனிக் கமிட்டி ஐயாமார் திருச்சமுகத்துக்கு. அடியாள் ஜாஸ்பின் கண்ணீரோடு எழுதிக்கொள்வது. நான் செய்தது மகா பெரிய குற்றம். தாங்கள் ஒருமுறை கண்டுபிடித்தீர்கள், ஆனால் ஒரு வருடமாகவே செய்து வருகிறேன். ஏழ்மையாலும் புத்திக்குறைவாலும், என் கூட்டாளிகளான லிஜா, ஜெமி, ரெஜிலா ஆகியோரின் பேச்சைக் கேட்டும் இதில் விழுந்தேன். அவர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். இனி என் ஆயுசில் செய்யமாட்டேன். பெற்ற பிள்ளையைப்போல் மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும்."

சத்தியராஜ் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, அந்தப் பிள்ளையளுக்க பேரு எதுக்கு?"

"பேரு இருந்தாத்தான்டே கனம். வெறும் சோத்த யாரு தின்னுவா?"

"இது வேற மாதிரி எடம் அண்ணாச்சி. அவனுவ கல்லு மாதிரி."

"நீ எத்தன விலக்கு எடுத்துக் குடுத்திருக்க?"

"நான் எங்க எடுத்தேன்?"

"நான் நூத்திப் பதினேழு எடுத்திருக்கேன். நியாயம் கேட்டுப் போனவன் வெளியில நிப்பான், மன்னிப்புக் கேட்டுப் போனவன் உள்ள போவான். நீ அடி."

சத்தியராஜ் அடித்தான். பிள்ளைகளின் விளையாட்டுப் பெயர்களைக் கேட்டான். சிலுவை ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா? போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் சொன்னார். முறையீடு போய்விட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை சும்மா இருந்தது, அதன் அப்பன் வாய் திறந்தான்.

நாற்பது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. சிலுவை டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். சத்தியராஜ் திரையைப் பார்த்து முதல் வரியைத் தமிழில் சொன்னான். உங்கள் நேர்மைக்கு நன்றி.

"பாத்தியாடே? உருகிட்டான்," என்றார் சிலுவை.

மிச்சத்தைச் சத்தியராஜ் மெதுவாகச் சொன்னான். தங்கள் ஒப்புதலின் அடிப்படையில் பத்தாண்டுத் தடை நிரந்தரத் தடையாக மாற்றப்படுகிறது. தாங்கள் குறிப்பிட்ட மற்ற மூன்று ஐடிகளும் நிறுத்தப்பட்டுள்ளன. இந்த முடிவு இறுதியானது. சிலுவை அவனை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். பிறகு, மறுபடி ஒரு மனு எழுதினால் என்ன என்றார். எழுத இடமில்லை அண்ணாச்சி என்றான் சத்தியராஜ். காசு வாங்கவும் மாட்டேன் என்றுவிட்டான்.

வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதே பதில் ஜாஸ்பினின் மெயிலுக்கும் போயிருந்தது, கீழே அவர் எழுதிய மனுவோடு. லிஜா அவள் தோளுக்குப் பின்னால் நின்று முழுசாகப் படித்திருந்தாள். அவள் போனிலும் சிவப்புப் பலகை நின்றது. ஜெமியும் ரெஜிலாவும் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் அனுப்பல்லட்டி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் ஜாஸ்பின்.

"அப்பம் யாரு அனுப்பினா?"

வாசலில் நின்ற சிலுவை, "நான்தான் மக்கா. நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார்.

லிஜா அவரைப் பார்க்கவில்லை, ஜாஸ்பினைத்தான் பார்த்தாள். "ஒரு வருஷமா ஹேக் போட்டு ஆடுதேன்னு எழுதிருக்காரு. நீ சொல்லாம உங்க அப்பாவுக்கு எப்பிடித் தெரியும்? பெத்த அப்பன் பிள்ளையப் பத்திப் பொய்யா எழுதுவான்?" லேப்டாப்பை மூடிப் பையில் போட்டாள். "ஒனக்குப் போச்சின்னா எங்களயும் சேத்து முக்கணுமா ஏட்டி?"

அவள் போன வேகத்தில் வாசலில் கிடந்த சிலுவையின் செருப்பு ஒன்று தெருவுக்குத் தெறித்தது. அவர் போய் எடுத்துவந்தார்.

அந்த மூன்று பெண்களும் ஆளுக்கொரு முறையீடு எழுதினார்கள். இரண்டே வரி. நாங்கள் செய்யவில்லை, எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாஸ்பினின் பெயரில் போன மனு யார் கையிலிருந்தோ வெளியே போய், விளையாடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. திருச்சமுகம், அடியாள் என்பதை எல்லாம் சத்தியராஜின் இங்கிலீஷில் படித்துச் சென்னைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர்ந்து ஆட வருகிறாயா என்று முன்பு இவளைக் கெஞ்சியவர்கள், ஹேக்கர் ஜாஸ்பின் என்று பெயர் வைத்தார்கள். ஜாஸ்பினின் தாயார் ஸ்டெல்லா குழித்துறைச் சந்தையில் மீன் விற்கிறவள், அங்கேகூட ஒரு காலேஜ் பையன் சாளை வாங்க வந்தவன், உங்க மகதானா அது என்று கேட்டானாம்.

பதினைந்தாம் தேதி கம்பெனி ஓர் அறிவிப்புப் போட்டது. எட்டாம் தேதி தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்பட்ட பிழையால் ஆயிரக்கணக்கான ஐடிகள் தவறாகத் தடை செய்யப்பட்டன, வருந்துகிறோம், அவற்றின் தொடர்ச்சியாக நிறுத்தப்பட்டவற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். முறையீடு எழுதாமல் சும்மா இருந்தவர்களுக்கும் திறந்துவிட்டது. நாங்கள் செய்யவில்லை என்று எழுதியவர்களுக்கும் திறந்துவிட்டது. லிஜா, ஜெமி, ரெஜிலாவுக்கும் திறந்துவிட்டது, சிரமத்துக்கு ஈடாக ஆளுக்கொரு தங்கநிறத் துப்பாக்கியும் இனாம். கடைசியில் ஒரு வரி. குற்றத்தைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் உண்மையிலேயே விதியை மீறியவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பொருந்தாது.

வாயை மூடிக்கொண்டு ஒரு வாரம் படுத்துத் தூங்கியிருந்தால் போதும், ஐடி தானாகத் திறந்திருக்கும். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

பதினாறாம் தேதி மூன்று பெண்களும் குழித்துறை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். நாலாவதாக மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். கடல்காக்கா என்ற பெயரை மாற்றவில்லை. அதை வைத்தவள் ஜாஸ்பின்.

அன்று மத்தியானம் சிலுவை காவலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். ஜாஸ்பின் அடுக்களையில் குந்தி, சாளை செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவள் அவரோடு சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சோறு என்றால் போட்டாள், தண்ணீர் என்றால் கொடுத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஊருக்கே மன்னிப்பு எழுதியவர், தனக்கென்று ஒரு வரி கிடைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிரு மக்கா," என்றார்.

அவள் நிமிரவில்லை. "ஒண்ணு கேக்கட்டாப்பா?"

"கேளு மக்கா."

"அந்த மனுவ எழுதும்போ, நான் செஞ்சேன்னு நெனச்சியளா, செய்யல்லன்னு நெனச்சியளா?"

மனு எழுதிய நேரத்தைச் சிலுவை நினைத்துப் பார்த்தார். எப்படி எழுதலாம், யார் பெயரைச் சேர்க்கலாம், எந்த வரியில் அழவைக்கலாம் என்றெல்லாம் நினைத்திருந்தார். இதை நினைக்கவே இல்லை. இருபத்தாறு வருடத்தில் நூற்றுப் பதினேழு பேர் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நீ செய்தாயா என்று ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"செஞ்சாலும் செய்யல்லன்னாலும், விலக்கு எடுக்கதுக்கு..." என்று ஏதோ குழறினார்.

"அத கேக்கல்லப்பா."

அவர் தலையில் முந்தின நாளிலிருந்து ஒரு வரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டவர்கள் உண்மையிலேயே விதியை மீறியவர்கள். அவரே கட்டிய பொய்தான். ஆனால் அவ்வளவு பெரிய கம்பெனி உலகத்துக்கெல்லாம் எழுதிப்போட்டதைச் சத்தியராஜ் வாயால் கேட்டபோது, அது அவர் எழுதினதுபோல இல்லை. ஆயிரம் பேரைத் திறந்துவிட்டவன் இவளை மட்டும் எதற்கு வைத்திருக்கிறான்? அந்தச் சந்தேகத்தை விழுங்கிவிட்டு, இல்லை மக்கா, நீ செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பொய் எழுதின மனுஷனுக்கு வேண்டிய நேரத்தில் ஒரு பொய் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, அவளுக்குப் பிடித்ததைக் கேட்கிற மாதிரி பிரியமாகக் கேட்டார்.

"நீ செஞ்சியா மக்கா?"

ஜாஸ்பினின் கத்தி நின்றது. இப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "செஞ்சேன். ஒரு வருஷமா செஞ்சேன். நீங்க எழுதிருக்கியளே."

பிறகு குனிந்து அடுத்த மீனை எடுத்தாள். அவள் சொன்னது நிஜமா, தன்னைக் குத்துவதற்காகச் சொன்னதா என்று சிலுவைக்குத் தெரியவில்லை. அவருக்கு இன்றைக்கும் தெரியாது.